பேரேட்டைத் திருத்துவதற்கு என்ன விலை?

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் எல்லையை ஒட்டி வாழும் மக்களுக்குப் பேரேட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுக்கா அன்றைய சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே இராஜ்யத்தின் கணக்கில் இருந்த நிலங்கள் அன்றுமுதல் இரு கணக்குகளாகப் பிரிந்தன. இப்புறம் தண்டப்பேர், அப்புறம் பட்டா. நிலம் யாருடையது என்னும் வழக்கு எழுந்தால், ஏட்டில் எழுதியிருப்பதே சாட்சி. அந்த ஏட்டுக்குப் பின்னே அரசு நிற்கிறது என்பதனாலேயே நாம் அதை நம்புகிறோம்.

ஏட்டை வைத்திருப்பவர் தனிமனிதராயின் நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டு இவ்வெல்லைப் பகுதியில் ஒரு தனியார் நிதி நிறுவனம் கதவடைத்தபோது, எல்லையின் இருபுறத்து மக்களும் தங்கள் வைப்புத் தொகைக்காக அதன் வாயிலில் நின்றனர். சிட்டி என்று இப்புறத்தாரும் சீட்டு என்று அப்புறத்தாரும் வழங்கும் சேமிப்பு முறையில் ஊறிய ஊர்கள் இவை. ஆதலால், கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் நோக்கி இளைஞர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்பதில் வியப்பில்லை. "கிரிப்டோ நாணயத்தின் கணக்கை ஒருவராலும் திருத்த முடியாதாமே, உண்மையா?" என்பதே அக்கேள்வி.

முடியாது என்பது சரியான விடையன்று. முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலை நாணயத்துக்கு நாணயம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உடையது. அதனை மதிப்பிடும் முறையை ஈண்டுக் காண்போம். கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர்க்கு இது கடினமன்று.

முதலில் ஏடு எழுதப்படும் விதம். பிட்காயின் போன்ற நாணயத்தின் பேரேடு ஓர் அலுவலகத்தில் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் அதன் படிகள் இருக்கின்றன. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் அதில் சேர்க்கப்படுகிறது. இதனை 'பிளாக்' என்பர். நாம் பக்கம் என்றே சொல்வோம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்திய பக்கத்தின் முத்திரை உண்டு. ஆகவே பழைய பக்கம் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் பின்னுள்ள பக்கங்கள் அனைத்தையும் மீண்டும் எழுதியாக வேண்டும்.

அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? களியக்காவிளையைக் கடந்து பாறசாலை நோக்கி வருவோர் சாலையோரத்து லாட்டரிக் கடைகளைக் காணாமல் இருக்க முடியாது. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்பட்டபின் எல்லை கடந்து வந்து வாங்குவோரும் பலர். பக்கம் எழுதும் உரிமையும் ஒருவகை லாட்டரியே. இதற்கென அமைந்த இயந்திரங்கள் இடைவிடாது எண்களை உருவாக்கிய வண்ணம் இருக்கின்றன. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ்ப்பட்ட எண் எந்த இயந்திரத்துக்கு முதலில் கிட்டுகிறதோ, அதன் உடைமையாளர் அடுத்த பக்கத்தை எழுதுகிறார். கூலியாகப் புதிய நாணயமும் பெறுகிறார். பிட்காயினில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இக்கூலி பக்கத்துக்கு 3.125 நாணயம். வேகமான இயந்திரம் என்பது மிகுதியான லாட்டரிச் சீட்டு என்று கொள்க. தொழிலில் இதற்குச் சுரங்கம் வெட்டுதல் என்று பெயர் வழங்குகிறது. எனக்கு அப்பெயர் பொருத்தமாகத் தோன்றவில்லை. எழுத்தர் என்பதே தகும்.

இரு வேறு ஏடுகள் தோன்றினால் எது செல்லும்? எதில் மிகுதியான உழைப்பு செலவாகியிருக்கிறதோ, பெரும்பாலும் எது நீளமானதோ, அதுவே செல்லும். இவ்விதியே இம்முறையின் வலிமை. தாக்குதலுக்கு வழிவிடுவதும் இதுவே.

பாறசாலையில் ரப்பர் ஷீட் வாணிபம் செய்யும் ஒருவர் 20 இலட்சம் ரூபாய்ச் சரக்கை ஏதோ ஒரு நாணயத்துக்கு விற்பதாகக் கொள்வோம். வாங்குபவன் நாணயத்தை அனுப்புகிறான், அது ஏட்டில் பதிவாகிறது, லாரி புறப்படுகிறது. அதே வேளையில் அவன் தன் இயந்திரங்களைக் கொண்டு மறைவாக வேறொரு ஏட்டை எழுதி வருகிறான். அதில் அந்நாணயம் வணிகருக்கு அன்றி அவனுடைய மற்றொரு கணக்குக்கே செல்கிறது. லாரி எல்லை கடந்த பின் மறைவு ஏட்டை வெளியிடுகிறான். அது நீளமாயிருந்தால் உலகம் அதனையே ஏற்கும். வணிகர் பெற்ற நாணயம் பெறாததாகிவிடும். மொத்த வேகத்தில் பாதிக்கு மேல் ஒருவன் கையில் இருந்தால் இம்முயற்சி எப்படியும் நிறைவேறும். இதனையே பெரும்பான்மைத் தாக்குதல் என்பர்.

இதனால் ஆகாதவற்றையும் அறிதல் வேண்டும். பிறருடைய நாணயத்தை அவன் எடுக்க முடியாது. அதற்கு அவர்களுடைய இரகசியத் திறவுகோல் வேண்டும். விதிக்கு மேற்பட்ட நாணயத்தைப் படைக்கவும் முடியாது. தான் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். பிறர் கொடுக்கல் வாங்கலைப் பதிவு செய்யாது தடுக்கலாம். அவ்வளவே. ஆயின், சரக்கைக் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு அந்த 'அவ்வளவே' போதுமான கேடாகும்.

பாதிக்குக் குறைவான வேகம் உடையவன் என் செய்வான்? வகுப்பறையில் ஒரு பகடையைக் கொண்டு இதனைக் காட்டலாம். 1 விழுந்தால் ஏமாற்றுபவனுக்கு ஒரு பக்கம். வேறு எது விழுந்தாலும் ஊருக்கு ஒரு பக்கம். அவன் வேகம் ஆறில் ஒன்று, ஊரின் வேகம் ஆறில் ஐந்து. ஒரு பக்கம் பின்தங்கி நிற்பவன் என்றேனும் ஊரை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இரு பக்கம் பின்தங்கினால் இருபத்தைந்தில் ஒன்று. மூன்று பக்கம் எனில் நூற்றிருபத்தைந்தில் ஒன்று. காத்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு குறைகிறது. இனி 1, 2, 3, 4 ஆகிய நான்கையும் ஏமாற்றுபவனுக்குக் கொடுத்து ஆடச் செய்க. எத்தனை பக்கம் பின்தங்கினாலும் அவன் எட்டிவிடுவதை மாணவர் தாமே காண்பர்.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-இல் வெளியான பிட்காயின் கட்டுரையில் இக்கணக்கு இன்னும் நுட்பமாகச் செய்யப்பட்டுள்ளது. ஏமாற்றுபவனின் வெற்றி வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே செல்ல வேண்டுமாயின், அவன் வேகம் நூற்றுக்குப் பத்து எனில் 5 பக்கங்கள் காத்திருந்தால் போதும். முப்பது எனில் 24 பக்கங்கள். நாற்பத்தைந்து எனில் 340 பக்கங்கள். ஐம்பதைக் கடந்துவிட்டால் காத்திருப்பதனால் மட்டும் பயனில்லை. அங்கிருந்து பேச்சு வாய்ப்பைப் பற்றியதன்று, செலவைப் பற்றியது.

செலவை மதிப்பிட இரு வழிகள் உள. இயந்திரங்களை விலைக்கு வாங்குவது ஒன்று. வாடகைக்கு எடுப்பது மற்றொன்று.

பிட்காயினை எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு அதன் வலைப்பின்னலின் மொத்த வேகம் வினாடிக்கு நூறு கோடி இலட்சம் கோடி எண்கள் என்னும் அளவைத் தொட்டது. அக்காலத்துச் சிறந்த வகையைச் சேர்ந்த ஆண்ட்மைனர் எஸ் 21 என்னும் இயந்திரம் ஒன்றின் வேகம் வினாடிக்கு 200 இலட்சம் கோடி. அது உண்ணும் மின்சாரம் 3.5 கிலோவாட். ஆகவே, இருக்கும் எழுத்தர்கள் அனைவருக்கும் ஈடாக நிற்க 50 இலட்சம் இயந்திரங்கள் தேவை. ஒன்று 2 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்த விலை ஒரு இலட்சம் கோடி ரூபாய். மின்சாரமோ 17,500 மெகாவாட். நம் இடுக்கி நீர்மின் நிலையத்தின் முழுத் திறன் 780 மெகாவாட். அத்தகைய நிலையங்கள் இருபத்திரண்டு ஓடினாலும் சற்றுக் குறையும். கூடங்குளத்தில் இயங்கும் ஓர் அணு உலையின் திறன் 1,000 மெகாவாட். அவ்வாறானவை பதினேழரை வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் கேரளம் முழுவதன் உச்ச மின்தேவையே 6,000 மெகாவாட்டை எட்டவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால், அந்த 50 இலட்சம் இயந்திரங்களையும் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கான மின்கட்டணம் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்தான். ஒருபுறம் இலட்சம் கோடி, மறுபுறம் 12 கோடி. தாக்குதலின் விலையைக் கேட்டால் ஒருவர் முதல் எண்ணையும் மற்றவர் இரண்டாம் எண்ணையும் சொல்வதற்குக் காரணம் இதுவே. இரண்டும் கணக்கில் பிழையற்றவை. ஆனால் இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைத்தால்தான் இரண்டாம் எண்ணுக்குப் பொருள் உண்டு. பிட்காயினுக்கு வேண்டிய அளவு இயந்திரங்கள் வாடகைச் சந்தையில் இல்லை. விலைக்கு வாங்க முனைந்தாலும் அத்தனையையும் ஒருசேரச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை இல்லை. வாங்கும்போதே விலையும் ஏறும். நெல் அறுவடைக் காலத்தில் ஊரிலுள்ள அறுப்பு இயந்திரம் அனைத்தையும் ஒருவரே வாடகைக்குக் கேட்டால் வாடகை என்னவாகும் என்று நம் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நிற்க. வாடகைக்குக் கிடைத்தால் என்னவாகும் என்பதற்கு நடந்த சான்று உண்டு. எதீரியம் கிளாசிக் என்பது எதீரியம் என்னும் பெரிய நாணயத்திலிருந்து 2016-இல் பிரிந்து நின்ற சிறிய நாணயம். அண்ணனும் தம்பியும் ஒரே வகை இயந்திரத்தில் ஏடு எழுதி வந்தனர். தம்பியின் மொத்த வேகமோ அண்ணனின் வேகத்தில் சிறு பகுதி. எனவே அண்ணனுக்கு உழைக்கும் இயந்திரங்களில் சிலவற்றைச் சில மணி நேரம் திருப்பிவிட்டால் தம்பியின் பெரும்பான்மை கைக்கு வந்துவிடும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் இதுவே நிகழ்ந்தது. 3,693 பக்கங்கள், ஏறத்தாழ அரைநாள் உழைப்பு, கிழித்தெறியப்பட்டு வேறு ஏடு நிலைபெற்றது. வேகத்தை வாடகைக்கு விடும் ஒரு சந்தையில் தாக்கியவன் செலவிட்டது 17.5 பிட்காயின் என்று ஏட்டை ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். அன்றைய விலையில் அது 1,92,000 டாலர். மணிக்கு ஏறத்தாழ 15,000 டாலர். அவன் இருமுறை செலவழித்த நாணயத்தின் மதிப்போ 56 இலட்சம் டாலர். நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கும் குறைவாக இட்டு நாற்பது கோடிக்கு மேல் எடுத்தான் எனலாம்.

செலவும் முழுச் செலவன்று. மறைவாக எழுதிய ஏடே இறுதியில் செல்லுபடியானதால், அந்தப் பக்கங்களுக்குரிய கூலியும் அவனுக்கே சேர்ந்தது. அது ஏறத்தாழ 13,000 நாணயம், அஃதாவது 90,000 டாலர் அளவு. கழித்துப் பார்த்தால் நிகரச் செலவு ஒரு இலட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. வாடகையிலிருந்து கூலியைக் கழித்து, தாக்குதலால் நாணயத்தின் விலை வீழுமாயின் அந்த நட்டத்தைக் கூட்டினால் கிடைப்பதே தாக்குதலின் உண்மை விலை. அதே மாதத்தில் அந்நாணயம் மேலும் இருமுறை தாக்கப்பட்டது. ஆகஸ்டு 29-ஆம் நாள் அழிக்கப்பட்ட பக்கங்கள் 7,000-க்கும் மேல். அதற்கு முன்னரே, 2018-ஆம் ஆண்டு மே மாதம், பிட்காயின் கோல்டு என்னும் நாணயமும் இவ்வாறு தாக்குண்டு, சுமார் 180 இலட்சம் டாலர் மதிப்புள்ள நாணயம் இருமுறை செலவழிக்கப்பட்டது.

இக்கணக்கைப் பாறசாலை வணிகரிடம் கொண்டு செல்வோம். அவர் இவ்வாறு எண்ணக்கூடும்: "தாக்க மணிக்கு 15,000 டாலர், அன்றைய மாற்று விலையில் 11 இலட்சம் ரூபாய் ஆகிறது. என் சரக்கு 20 இலட்சம். மூன்று மணி நேரம் காத்திருந்து பிறகு லாரியை அனுப்பினால், என்னை ஏமாற்றுவது அவனுக்கு நட்டம்." முறையான சிந்தனைதான், ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. அதே மறைவு ஏட்டில் அவன் பாலராமபுரத்துக் கைத்தறி வணிகருக்குக் கொடுத்ததையும், மார்த்தாண்டத்துத் தேன் வணிகருக்குக் கொடுத்ததையும், இன்னும் எட்டுப் பேருக்குக் கொடுத்ததையும் சேர்த்தே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஒரே செலவு, பத்து ஏமாற்று. ஒவ்வொரு வணிகரும் தம் சரக்கின் மதிப்பை மட்டும் தாக்குதலின் விலையோடு ஒப்பிட்டால் பத்துப் பேரும் ஏமாறுவர். நடைமுறையில் அகப்படுவோர் ரப்பர் வணிகரல்லர். ஒரே நாளில் பெருந்தொகையை மாற்றிக் கொடுக்கும் நாணயப் பரிமாற்ற நிலையங்களே. 2020-க்குப் பின் அவை சிறு நாணயங்களுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் காத்திருக்கத் தொடங்கியதன் காரணம் இது.

வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் தவிர மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. பிறர் எழுத்தர்களைத் தன்பால் இழுத்துக்கொள்வது. தனித்தனி எழுத்தர்கள் வருவாயைப் பகிர்ந்துகொள்ளக் கூட்டாகச் சேர்கின்றனர். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜிஹாஷ் என்னும் கூட்டு பிட்காயின் வேகத்தில் பாதியைச் சிறிது நேரம் கடந்தது. உறுப்பினர் பலர் தாமே விலகியதால் அது குறைந்தது. 2025-ஆம் ஆண்டு குபிக் என்னும் குழு, கூடுதல் ஊதியம் தந்து மொனீரோ நாணயத்தின் எழுத்தர்களைத் தன்பால் ஈர்த்தது; செப்டம்பரில் அந்நாணயத்தின் 18 பக்கங்கள் மாற்றி எழுதப்பட்டன. பத்துப் பக்கம் காத்திருந்தால் போதும் என்பது அங்கே நிலவிய வழக்கம். ஆகவே இயந்திரங்கள் எத்தனை என்று எண்ணுவதோடு, அவற்றை ஏவும் கைகள் எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

இயந்திரமே இல்லாத நாணயங்களும் உள. எதீரியம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாட்டரி முறையைக் கைவிட்டு ஈட்டு முறைக்கு மாறிற்று. ஏடு எழுத விரும்புவோர் நாணயத்தை ஈடாகக் கட்ட வேண்டும்; முரணாக எழுதினால் ஈடு பறிபோகும். நம் நாட்டு இளைஞர்கள் 2017-இல் தொடங்கி இன்று பாலிகன் என வழங்கும் வலைப்பின்னலும் ஈட்டு முறையதே. அங்கே ஏட்டைச் சரிபார்ப்போர் ஏறத்தாழ நூறு பேர். ஈட்டில் மூன்றில் இரு பங்குக்கு மேல் உடையவர் ஒப்பினால் பதிவு உறுதியாகும். ஆதலின் தாக்குதலின் விலையை மின்கட்டணத்தில் அன்றி ஈட்டுத் தொகையில் கணக்கிட வேண்டும். ஈட்டை வாடகைக்கு எடுப்பது எளிதன்று என்பது இம்முறையின் சிறப்பு. செல்வர் சிலரிடம் ஈடு குவிவது இதன் குறை.

இத்தனை கணக்கும் ஏட்டைப் பற்றியதே, பெட்டியைப் பற்றியதன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் இந்தியாவின் வசீர்எக்ஸ் பரிமாற்ற நிலையத்திலிருந்து 23 கோடி டாலர் அளவு நாணயம் களவு போயிற்று. அங்கே எந்த ஏடும் திருத்தப்படவில்லை. ஆறு கையெழுத்தாளரில் நால்வர் ஒப்பினால் திறக்கும் பெட்டி அது. திருடியவர் வேண்டிய கையெழுத்துகளைத் தந்திரத்தால் பெற்றனர். ஏட்டைத் தாக்க இலட்சம் கோடி ஆகுமெனினும், பெட்டியைத் திறக்க அதில் சிறு துளியும் ஆகாமற் போகலாம். வங்கி வைப்புக்கு 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இத்தகைய நிலையத்தில் வைத்த நாணயத்துக்கு அக்காப்பீடு இல்லை. 2022 முதல் இந்நாணயங்களின் இலாபத்தின் மீது நூற்றுக்கு முப்பது வரி விதிக்கப்படுவதைக் கண்டு, அரசு இவற்றுக்குப் பொறுப்பேற்றுள்ளது என்று எண்ணுவோரும் உளர். அது தவறு.

இனி, நம் ஊர்களுக்கு உண்மையில் வந்து சேரும் நாணயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தில் மோரிஸ் காயின் என்ற பெயரால் பொதுமக்களிடம் திரட்டப்பட்ட தொகை 1,200 கோடி ரூபாய் என்று 2022-இல் அமலாக்கத் துறை கூறியது. இத்தகைய நாணயத்துக்குத் தாக்குதலின் விலை யாது? மேற்கண்ட முறையிலேயே கணக்கிடலாம். எழுத்தர் எத்தனை பேர்? ஒருவர். பெரும்பான்மை யாரிடம்? அவரிடமே. செலவு சுழி. ஒருவர் தம் கணிப்பொறியில் தாமே எழுதித் தாமே காட்டும் ஏட்டைத் தாக்குவதற்கு வெளியிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. 2017-இல் கதவடைத்த நிறுவனத்தின் ஏட்டுக்கும் இதற்கும் காகிதம் ஒன்றே வேறுபாடு.

ஆகவே, ஒரு நாணயத்தைப் பற்றி ஊரார் கேட்க வரும்போது, இந்த ஏட்டை எழுதுவோர் எத்தனை பேர், எவ்வகை இயந்திரத்தால் அல்லது எவ்வளவு ஈட்டால் எழுதுகின்றனர், அவ்வியந்திரம் வாடகைக்குக் கிடைக்குமா, ஏட்டின் படியை நாமே இறக்கிப் பார்க்க முடியுமா என்று ஊழியர் வினவலாம். உண்மையான நாணயங்களைப் பற்றிய இவ்விவரங்கள் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டிருக்கின்றன. ஆளைச் சேர்த்தால் தரகு உண்டு என்பது மட்டுமே விடையாக வந்தால் கணக்கிடுவதற்கு எதுவுமில்லை. பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடச் செய்க. எல்லையின் இருபுறத்துக்கும் எண் ஒன்றே.